வேலையை யாரிடம் கேட்பது?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில், ஒலுவிலைத் தாண்டி அட்டாளைச்சேனை வருவதற்கு முன்னால் பாலமுனை. மேற்கே வயல்வட்டைகள், கிழக்கே கடல். வாடைக்காலம் கழிந்து கடல் அடங்கிய மாதங்களில், சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் நேரத்தில் கரைவலைத் தோணி இறங்கும். கயிற்றின் ஒரு தலைப்பு கரையில் நிற்பவர்களின் கையில் இருக்கும். தோணி வலையை வளைத்துப் போட்டுக்கொண்டே போய் மறு தலைப்பைத் தூரத்தில் கரை சேர்க்கும். அதன்பின் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். குதிகால் மணலில் கணுக்கால்வரை புதையும். வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வரும்.

அந்த வரிசைகளுக்கு நடுவே ஒருவர் கயிற்றைத் தொடாமல் நிற்பார். கண் கடலிலேயே இருக்கும். இடையில் தோளில் கிடக்கும் துவாயை எடுத்து ஒரு பக்கமாக வீசுவார். அந்தப் பக்கத்தார் உடனே இழுவையைத் தளர்த்துவார்கள். அவர்தான் மண்டாடி.

தொழில் உளவியல் படித்த ஒருவர் கையில் கடிகாரத்தோடு அங்கே வந்து நின்றால், மண்டாடியின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவார்? கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால், ‘நின்றுகொண்டிருந்தார்’ என்றுதான் எழுத வேண்டிவரும். கயிறு இழுக்கும் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரேயும் ‘இழுத்தார்’ என்று எழுதுவார். இந்த இரண்டு சொற்களிலும் பொய் இல்லை. ஆனால் இந்த இரண்டையும் வைத்து நாளைக்கு ஒருவர் கரைவலைக்கு ஆள் சேர்த்தால், ஒரு நெத்தலிகூடக் கரை ஏறாது.

ஒரு வேலையில் என்னென்ன செய்யப்படுகிறது, அதைச் செய்ய எந்த அறிவும் திறனும் வேண்டும், எந்தச் சூழலில் அது நடக்கிறது என்று முறையாகத் திரட்டுவதைத் தொழில் பகுப்பாய்வு என்கிறோம். உயர்தரத்தில் வணிகக்கல்வி படித்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியும். தொழில் விபரணம், ஆட்சேர்ப்பு, பயிற்சி, சம்பளம், பதவி உயர்வு என்று பின்னால் வருகிற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன. பாடப்புத்தகத்தில் அதன் முறைகள் ஒரு பட்டியலாக வரும்: அவதானம், நேர்காணல், வினாக்கொத்து, நாட்குறிப்பு, முக்கிய சம்பவ முறை. பரீட்சைக்கு அது போதும். அந்த ஒவ்வொரு முறையும் வேலையைப் பற்றி யாரிடம் கேட்கிறது, யாரைக் கேட்காமல் விடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம். நம் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் வேலைக்கு, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலேயே பெயரும் தரமும் வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தத் துறை தொடங்கிய இடத்திலேயே இரண்டு பாதைகள் பிரிந்துவிட்டன. 1911இல் அமெரிக்கரான ஃப்ரெடரிக் டெய்லர், தொழிலாளர்களின் கையிலும் நினைவிலும் கிடக்கும் பரம்பரை அறிவை முகாமை திரட்டி விதிகளாக்க வேண்டும் என்று எழுதினார். அவர் சொன்ன கணக்கில், பெத்லஹேம் உருக்காலையில் ஒரு நாளைக்கு 12½ தொன் இரும்பு தூக்கியவர் 47½ தொன் தூக்கினார். அதே காலத்தவர்களான ஃப்ராங்க் கில்பிரத்தும் லிலியன் கில்பிரத்தும் அசைவுகளை நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள். ஒரு செங்கல்லை வைக்க மேசனுக்குத் தேவைப்பட்ட 18 அசைவுகளை ஃப்ராங்க் ஐந்தளவுக்குக் குறைத்தார். கல்லைக் குனிந்து எடுக்காமல் இடுப்பளவில் வைத்ததே மேசனின் முதுகுக்குப் பெரிய உபகாரம். இதைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. ஆனால் டெய்லரின் பாதையில் யோசிப்பது அலுவலகத்துக்கும் தூக்குவது ஆளுக்கும் என்று பிரிந்துபோனது. தொழிலாளியிடமிருந்து அறிவை எடுத்த பிறகு அவரிடம் மறுபடி கேட்க எதுவுமில்லை என்று அந்த முறை நினைத்தது.

ஹார்வர்டில் இருந்த ஜெர்மன் உளவியலாளர் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க் வேறு கேள்வியோடு வந்தார். பொஸ்டன் நகரத் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஆட்களை மோதிக்கொண்டிருந்த காலம் அது. 1913இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூலில் அந்தச் சாரதிகளின் வேலையை ஆராய்ந்திருக்கிறார். கண்பார்வை எவ்வளவு, கை எவ்வளவு விரைவாக அசைகிறது என்று தனித்தனியாக அளந்தால் நல்ல சாரதியைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் முடிவு. தெருவில் நடப்பவரும் வண்டியும் குதிரையும் எல்லாம் ஒரே நேரத்தில் நகரும்போது, அவற்றில் எது தண்டவாளத்தைக் கடக்கப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வதுதான் அந்த வேலையின் உயிர் என்றார். தொலைபேசி இணைப்பாளர் பெண்களின் வேலைக்கோ அவர் வேறு வழியில் போனார். நினைவாற்றல், கவனம், துல்லியம், வேகம் என்று அதைக் கூறுகளாகப் பிரித்தார். சில வேலைகளைப் பிரித்துப் பார்க்கலாம், சிலவற்றைப் பிரித்தால் அவை கையிலிருந்து நழுவிவிடும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. மண்டாடியின் வேலை டிராம் சாரதியின் வேலைக்குச் சொந்தம்.

அப்படியானால் மண்டாடியிடமே கேட்டுவிடலாமே? கேட்டுப் பாருங்கள். “காக்கா, என்னத்தப் பாத்து வலையப் போடச் சொன்னீங்க?” என்றால், “தண்ணிட நிறத்தப் பாத்தா தெரியும் மகன், பழக்கந்தான்” என்ற அளவில் பதில் நின்றுவிடும். அவர் எதையும் மறைக்கவில்லை. கைவந்த வேலை நாவுக்கு வராது. இருபது வருடம் ரொட்டி சுட்ட உம்மாவிடம் மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், “கைக்குத் தெரியும்” என்பார். பொதுவாகக் கேட்கிறவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். நேர்காணல் முறை தோற்றுப்போகிற இடம் இதுதான்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜோன் ஃப்ளனகன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வான்படையின் உளவியல் பிரிவில் வேலை செய்தவர். ‘நல்ல விமானிக்கு என்ன தகுதி வேண்டும்?’ என்று கேட்டால் ‘தைரியம், நிதானம்’ என்றுதான் பதில் வரும் என்பதை அங்கே கண்டார். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆயிற்று? 1954இல் இதை முக்கிய சம்பவ முறை என்ற பெயரில் விளக்கமாக எழுதினார். அதே வான்படையில் போல் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 1947இல் ‘விமானியின் தவறு’ என்று பதியப்பட்ட 460 சம்பவங்களை இந்த வழியில் திரட்டினார்கள். சக்கரத்தை இயக்கும் பிடியும் இறக்கைத் தட்டை இயக்கும் பிடியும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் விமானிகள் ஒன்றுக்குப் பதில் மற்றதை இழுத்திருக்கிறார்கள். தவறு ஆளில் இல்லை, பிடியின் வடிவத்திலும் அது இருந்த இடத்திலும் இருந்தது. வேலை செய்தவரிடம் சரியான கேள்வி கேட்டதால்தான் அது வெளியே வந்தது.

அதே கேள்வியைக் கரையில் கேளுங்கள். பொதுவாக வேண்டாம். கடைசியாக வலை கிழிந்த நாளைக் கேளுங்கள். கீரி மீன் வலையின் மடி நிறைய ஏறிய நாளைக் கேளுங்கள். பக்கத்து வலைக்காரர் போட்டும் நீங்கள் போடாமல் நின்ற ஒரு காலையைக் கேளுங்கள். நீரோட்டம் வலையை வடக்கே தள்ளியது, ஒரு பக்கக் கயிறு முந்தியது, அடிக்கயிறு மேலே எழும்பினால் மீன் கீழால் போய்விடும், அதனால் தெற்குப் பக்கத்தை நிறுத்தினோம் என்று பேச்சு தானாக விரியும். தீயணைப்பு வீரர்களிடம் அமெரிக்க ஆய்வாளர் கெரி க்ளைன் 1980களில் கேட்டதும் இப்படித்தான். தீ எரியும் இடத்தில் நிற்கும் தளபதி பல வழிகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதில்லை, பார்த்த மாத்திரத்தில் நிலைமையின் சாயலை அடையாளம் கண்டு முதலில் தோன்றும் வழியிலேயே இறங்குகிறார் என்று அவர் கண்டார். மண்டாடியின் ‘பழக்கம்’ என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

கயிறு இழுப்பவரை மறந்துவிடக் கூடாது. சர்வதேச தொழில் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில், கரையோர மீன்பிடித் தொழிலாளிக்கு இலக்கம் 6222. அது இரண்டாம் திறன் நிலை. மீன்பிடித் துறைக் கூலியாளுக்கு இலக்கம் 9216. அது முதலாம் நிலை, நான்கில் மிகக் கீழானது. கயிற்றில் நிற்கும் ஒருவர் இதில் எந்த இலக்கம்? ‘இழுத்தார்’ என்று மட்டும் எழுதினால் 9216. அவர் பக்கத்து வரிசையின் வேகத்தைக் கண்ணால் அளந்துகொண்டே இழுக்கிறார், வலை எதிலோ மாட்டும்போது கயிற்றில் வரும் அதிர்வை உள்ளங்கையால் அறிந்து குரல் கொடுக்கிறார், மடி கரையை நெருங்கும்போது கழுத்தளவு தண்ணீரில் இறங்குகிறார் என்று எழுதினால் 6222. ஆள் ஒருவர்தான், எழுதியவரின் முறைதான் வேறு. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கும் பழக்கம் இலங்கையின் பல கரைகளில் வந்து, அதைச் சுற்றித் தகராறுகளும் நடந்திருக்கின்றன. வின்ச் ‘இழுத்தார்’ என்ற சொல்லைத்தான் பிரதியிடுகிறது. கயிற்றின் அதிர்வை அது யாருக்கும் சொல்லாது.

வினாக்கொத்து முறைக்கு வருகிறேன். எர்னெஸ்ட் மெக்கோர்மிக்கும் அவர் கூட்டாளிகளும் 1972இல் வெளியிட்ட நிலைப் பகுப்பாய்வு வினாக்கொத்து இதில் பெயர்பெற்றது. ஏறத்தாழ 190 கூறுகள். எந்த வேலையையும் எந்த வேலையோடும் ஒப்பிடலாம் என்பது அதன் பலம். கேள்விகளின் மொழி பட்டதாரிகளுக்கே கடினமானது என்பது அதன்மேல் நெடுநாளாக உள்ள குறை. ஆனால் மொழியை எளிதாக்கினாலும் நம் கரையில் இன்னொரு தடை இருக்கிறது.

2004 டிசம்பர் 26இல் கடல் சுனாமியாக வந்தபோது இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதன்பின் மாதக்கணக்கில் முகாம்களுக்கும் வீடுகளுக்கும் படிவங்கள் வந்துகொண்டே இருந்தன. படகு வைத்திருந்தவரின் இழப்பை எண்ண முடிந்தது. படகு, இயந்திரம், வலை என்று எழுதலாம். கயிற்றில் நின்றவருக்கும், கருவாடு போட்ட பெண்ணுக்கும், பன் பாய் இழைத்தவருக்கும் எழுத ஒரு பொருளும் இல்லை. அவர்கள் இழந்தது வேலை. சொத்தைக் கேட்ட படிவம் வேலையைக் கேட்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு, படிவத்தோடு ஒருவர் வந்தால் இது எதற்கு, எந்தப் பதிலுக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்றுதான் முதலில் மனம் கணக்குப் போடும். அது இயல்பானது, நியாயமும்கூட. மோர்கசன், கேம்பியன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் தொழில் பகுப்பாய்வில் பிழை நுழைய 16 வழிகளை வகுத்துச் சொன்னார்கள். தன் வேலையைப் பெரிதாகக் காட்டுவது, குழுவில் மற்றவர் சொன்னதையே சொல்வது, கேட்பவர் விரும்புவதைச் சொல்வது எல்லாம் அதில் வரும். பாலமுனையில் படிவம் கொண்டுபோகிறவர் இந்தப் பாடத்தை முதலில் படித்துக்கொள்ள வேண்டும்.

வினாக்கொத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1975இல் நடந்தது. ஆர்வியும் பெகல்லாவும் அதே மெக்கோர்மிக் வினாக்கொத்தைக் கொண்டுபோய் அமெரிக்க இல்லத்தரசிகளின் வேலையை அளந்தார்கள். பல தொழில்கள் இருந்த தரவோடு ஒப்பிட்டபோது, இல்லத்தரசியின் வேலைக்கு மிக நெருக்கமாக வந்தது ரோந்துப் பொலிஸ்காரரின் வேலை. எந்த நேரமும் எதுவும் நடக்கலாம், நடந்தால் உடனே முடிவெடுக்க வேண்டும், பக்கத்தில் மேலதிகாரி இல்லை, பல வகையான ஆட்களைச் சமாளிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்கப்படாமல் இருந்த வரை அது ‘சும்மா வீட்டில் இருப்பது’.

இதை நம் கரையோரத்துக்குக் கொண்டுவருகிறேன். நாற்பது வருடங்களாக இந்த ஊர்களிலிருந்து பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டது. அதன் புள்ளிவிபரங்கள் போகிறவர்களைத் தொழில்வாண்மையாளர், இடைநிலை, எழுதுவினைஞர், தேர்ச்சி பெற்றோர், பகுதித் தேர்ச்சி பெற்றோர், தேர்ச்சியற்றோர் என்று படிப்படியாக வகுத்து, கடைசியில் வீட்டுப் பணிப்பெண் என்று தனியாக ஒரு நிரல் போடும். மற்ற எல்லாம் திறனின் படிகள். இது மட்டும் படிக்கு வெளியே நிற்கும் ஒரு பெயர். அவளுடைய திறன் கூடியதா குறைந்ததா என்று அந்த அட்டவணை கேட்பதே இல்லை.

அவளுடைய ஒரு நாளைச் சம்பவமாகக் கேளுங்கள். இரவு பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டுக்காரர்கள் வெளியே போயிருக்கிறார்கள். வந்து சில மாதங்களில் செவிவழியாகக் கற்ற அறபியில் தொலைபேசியில் பேச வேண்டும். மருந்துப் போத்தலின் எழுத்தைப் படிக்க வேண்டும், அல்லது போன முறை எந்த நிறப் போத்தலிலிருந்து கொடுத்தார்கள் என்று நினைவில் தேட வேண்டும். அடுத்த அறையில் எழுந்து நடக்க முடியாத மூத்தம்மா கூப்பிடுகிறார். காலையில் பன்னிரண்டு பேருக்குச் சமையல். சர்வதேச வகைப்பாட்டில் பிள்ளை பராமரிப்புக்கு 5311, வீட்டில் முதியோர் பராமரிப்புக்கு 5322, சமையற்காரருக்கு 5120, வீட்டுத் துப்புரவுக்கும் உதவிக்கும் 9111. ஒருவருடைய பணிகள் பல திறன் நிலைகளில் பரவியிருந்தால் அவற்றில் உயர்ந்த திறனைக் கேட்கும் பணியை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்பது அந்த வகைப்பாட்டின் விதி. அந்த விதியை இவளுக்குப் பொருத்தினால் 9111 என்று எழுத இடமே இல்லை. ஆனால் அவளுடைய சம்பளமும் ஒப்பந்தமும் அந்த இலக்கத்தைச் சுற்றியே நிற்கின்றன.

பட்டியலில் உள்ளதற்கும் நடப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை நன்றாகப் பேசியவர்கள் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆய்வாளர்கள். ஒம்ப்ரெதானும் ஃபவெர்ஜும் 1955இல் வேலைப் பகுப்பாய்வு பற்றி எழுதிய நூலிலிருந்து, விதிக்கப்பட்ட பணி வேறு, செய்யப்படும் வேலை வேறு என்று ஒரு பள்ளியே வளர்ந்தது. இதை விளங்கிக்கொள்ள இலங்கையருக்குப் பிரெஞ்சு தேவையில்லை. சட்டப்படி வேலை என்ற போராட்டத்தை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! தொழிற்சங்கம் யாரையும் வேலையை விடச் சொல்வதில்லை. கடமைப் பட்டியலில் உள்ளதை உள்ளபடி செய்யுங்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள் என்கிறது. அவ்வளவில் காரியாலயம் முடங்கிப்போகிறது. பட்டியல் முழு வேலையையும் சொல்லியிருந்தால் அது எப்படி முடங்கும்? ‘மேலதிகாரியால் காலத்துக்குக் காலம் பணிக்கப்படும் ஏனைய கடமைகள்’ என்ற கடைசி வரிக்குள்தான் பாதி உத்தியோகம் ஒளிந்திருக்கிறது.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் கனடாவில் உருவான டேக்கம் என்ற முறை, ஒரு வேலையைத் திறமையாகச் செய்கிற ஐந்து முதல் பன்னிரண்டு பேரை இரண்டு நாள் ஒரு அறையில் உட்காரவைத்து, அவர்கள் வாயால் சொல்வதைச் சுவரில் அட்டைகளாக ஒட்டி வேலையின் வரைபடத்தை உண்டாக்குகிறது. வேலையைச் செய்கிறவரைவிட அதை நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு எவரும் இல்லை என்பதே அதன் அடிப்படை. இலங்கையிலும் ஏழு நிலைகள் கொண்ட தேசியத் தொழிற்தகைமை முறை இருக்கிறது. அதில் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் முன்கற்றலை நிரூபித்துத் தகைமை பெறும் வழியும் இருக்கிறது. மேசன், தச்சர், மின்னிணைப்பாளர் பலர் அந்த வழியால் கையில் சான்றிதழோடு கடல் கடந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாசல், வேலையை முதலில் யாராவது விபரித்து எழுதியிருந்தால்தான் திறக்கும். எழுதப்படாத வேலைக்குத் தராதரம் இல்லை, தராதரம் இல்லாத வேலைக்கு மதிப்பீடும் இல்லை.

டெய்லரின் நிழலும் இங்கே விழுகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. மண்டாடி அறிந்ததை எழுதி எடுத்துப்போய், அவர் இல்லாமலே வலை போட ஒரு முதலாளி நினைக்கலாம். ஆகவே பகுப்பாய்வு யாருக்காகச் செய்யப்படுகிறது என்று சொன்னவருக்கு முதலிலேயே தெரிய வேண்டும். எழுதியதை அவருக்கு அவருடைய தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். ‘இது என்ட வேல இல்ல’ என்று அவர் வெட்டினால் அந்த வரியை வெட்ட வேண்டும். பிரதி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும்.

பாலமுனைக்குப் பக்கத்தில், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். வங்கி ஊழியரின் திருப்தி பற்றி எழுதியது போதும் என்று சொல்லமாட்டேன், அதுவும் வேண்டும். ஆனால் கரைவலைக்கும் வெளிநாட்டு வீட்டுவேலைக்கும் தமிழில் முழுமையான தொழில் பகுப்பாய்வு வேண்டும். இரண்டுக்கும் சாட்சிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு வேலையை அறிய அதைத் தானே செய்து பார்ப்பதும் பாடப்புத்தகம் சொல்லும் முறைகளில் ஒன்றுதான். ஆகவே கேட்கப் போகிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: வினாத்தாளைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் நாள் மண்டாடியிடம் கேட்டு வரிசையின் கடைசியில் ஒரு இடம் வாங்கி, ஒரு வலை இழுத்து முடியும்வரை கயிற்றைப் பிடித்து நில்லுங்கள். கேள்விகளை அதற்குப் பிறகு எழுதுங்கள்.